ஓடிஜியில் உப்பி எழும் ஜெர்மன் பான்கேக்

முட்டையை வைத்து மதுரைக்காரர்கள் செய்யாத வேலை இல்லை. கலக்கி, கரண்டி ஆம்லெட், முட்டை தோசை, அதன் தலையில் கறியைப் போட்டால் கறி தோசை, கொத்து பரோட்டாவுக்கு நடுவே உடைத்து ஊற்றும் இரண்டு முட்டை. எல்லாமே கல்லின் மேல் நடக்கிற சங்கதிகள். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவனை வாங்கி, நாலு முறை கேக் செய்து, அப்புறம் அதன் மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிற வீடுகள் நம் ஊரில் நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அந்தத் துணியை எடுக்க வைத்தது இந்தப் பான்கேக்.

முட்டை, மைதா, பால் மூன்றையும் தண்ணியாகக் கலக்கி, ஓவனுக்குள் சுடச்சுடக் காய்ந்த சட்டியில் ஊற்றிக் கதவைச் சாத்திவிட வேண்டும். புரட்டுகிற வேலை இல்லை. இருபது நிமிடத்தில் ஓரமெல்லாம் மேலே ஏறி, பொன்னிறமாக மடிந்து, நடுவில் மெத்தென்று குழிந்து நிற்கும். சோடா உப்பு கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது.

பெயரைப் பார்த்து ஜெர்மனியில் தேடினால் ஏமாந்து போவீர்கள். அங்கே ஃபான்குக்கென் என்றால் பெரும்பாலும் அடுப்பில் மெல்லிசாக ஊற்றிச் சுடுவது. பெர்லினில் போய் அதையே கேட்டால் ஜாம் வைத்த உருண்டை டோனட்டைக் கொடுப்பார்கள். நாம் செய்யப்போகிற இந்த ஓவன் பான்கேக் அமெரிக்காவில் பிரபலமானது. ‘டச்சு பேபி’ என்றும் சொல்வார்கள். டச்சுக்காரர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஜெர்மானியர்கள் தங்களை ‘டாய்ச்’ என்று சொல்லிக்கொள்வது அமெரிக்க வாயில் ‘டச்’ ஆகிவிட்டது என்பார்கள்.

சரி, பொங்கவைக்கும் பொருள் எதுவும் போடாமல் எப்படி உப்புகிறது? பூரி எப்படி உப்புகிறதோ அப்படித்தான். மாவில் இருக்கிற தண்ணீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். முட்டையும் மைதாவும் சேர்ந்து ஜவ்வு மாதிரி ஒரு தோலாகி அந்த ஆவியை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். பிடித்தபடியே வெந்து இறுகினால் பான்கேக் நிற்கும். மாவு ஊற்றின அந்த நிமிடத்திலேயே ஆவி கிளம்ப வேண்டும் என்பதுதான் இதன் சூட்சுமம். சட்டி ஆறியிருந்தால் ஆவி கிளம்புவதற்குள் மாவு அடியிலேயே கெட்டியாகி அடை மாதிரி உட்கார்ந்துவிடும். தோசை சுட்டுப் பழகியவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. கல்லு காயாமல் யாராவது மாவு ஊற்றுவார்களா?

முதலில் அடுப்பு. ஓடிஜி இருந்தால் நல்லது. மைக்ரோவேவ் என்றால் சூடான காற்றைச் சுற்றவிடுகிற கன்வெக்‌ஷன் வசதி உள்ளதாக இருக்க வேண்டும். வெறுமனே சூடு பண்ணித் தருகிற சாதா மைக்ரோவேவில் இது வராது. இரும்புச் சட்டியை அதற்குள் வைக்கவும் கூடாது. கன்வெக்‌ஷன் அடுப்பிலும் கன்வெக்‌ஷன் மட்டும் ஓட வேண்டும், மைக்ரோவேவும் சேர்ந்து ஓடுகிற முறை வேண்டாம். சில அடுப்புகள் 200 டிகிரியோடு நின்றுவிடும். பரவாயில்லை, நாலைந்து நிமிடம் கூடுதலாக எடுக்கும், அவ்வளவுதான்.

ஓடிஜியைச் சாதாரண பிளக்கில் செருகாதீர்கள், பெரிய பவர் பிளக் வேண்டும். இன்வெர்ட்டர் இதன் இழுவையைத் தாங்காது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிப்பார்கள் அல்லவா, அதை ஒரு கண் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பத்தாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அந்தப் பான்கேக்கை யாராலும் காப்பாற்ற முடியாது. எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கிக் கம்பிகள் மங்கலாகத்தான் சிவக்கும், அதனால் நான் காலையில் மட்டுமே செய்கிறேன்.

அடுத்தது சட்டி. புதிதாகச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வார்ப்பிரும்புச் சட்டிதான் இதற்கு ராஜா. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குளிர்ந்த மாவு விழுந்தாலும் சட்டென்று ஆறாது. பாத்திரக் கடையில் வாங்கும்போது நீளக் கைப்பிடி வைத்ததை எடுக்காதீர்கள். நான் அப்படி ஒன்றை ஆசையாக வாங்கி வந்து, ஓடிஜிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் கைப்பிடி நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இப்போது அதில் மீன் பொரிக்கிறோம். இரண்டு பக்கமும் காது வைத்த சட்டியாக வாங்குங்கள். கிளம்பும் முன் அடுப்பின் உள் அகலத்தை ஒரு நூலால் அளந்து கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது. அடி தட்டையாக, ஓரம் இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும்.

புதுச் சட்டியை அப்படியே பயன்படுத்தினால் ஒட்டும். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் சோறு வடித்த கஞ்சியில் இரண்டு நாள் ஊறவைத்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, நாலு நாள் வெங்காயம் வதக்கிப் பழக்குங்கள். பழக்கிய சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பித்தளைக்குப் புளி சரி, இரும்பில் அது எண்ணெய்ப் பூச்சையே அரித்துவிடும்.

இரும்புச் சட்டி இல்லையென்றால் கனமான அலுமினிய கேக் டின் போதும். உப்புகிற உயரம் கொஞ்சம் குறையும். நான்ஸ்டிக் வேண்டாம், வெறும் சட்டியை இவ்வளவு சூட்டில் காயவைப்பது அந்தப் பூச்சுக்கு ஆகாது. கண்ணாடிப் பாத்திரமும் வேண்டாம், கொதிக்கிற கண்ணாடியில் மாவு விழுந்தால் விரிசல் விடலாம். மண்சட்டிக்கும் அதே பயம். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் வீட்டில் கனமாக இருக்கிறதே, அதை வைக்கலாமா என்று என் மதினி கேட்டார். கூடவே கூடாது. அந்த ஈயம், அதாவது வெள்ளீயம், உருகுவது 232 டிகிரியில். நாம் அடுப்பை வைப்பது 220. ஓடிஜியின் திருகு காட்டுவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்கிற நிலையில் பன்னிரண்டு டிகிரி இடைவெளியை நம்பி இறங்க முடியாது.

இனி அளவு. 23 முதல் 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள சட்டிக்கு, மூன்று பேர் சாப்பிட:

முட்டை 3, ஓடு நீக்கி 150 கிராம்
மைதா 65 கிராம்
பால் 120 மி.லி.
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
உப்பு கால் தேக்கரண்டி
வெண்ணெய் 25 கிராம், நெய் 1 மேசைக்கரண்டி
வெனிலா அரைத் தேக்கரண்டி அல்லது இரண்டு ஏலக்காய்

20 சென்டிமீட்டர் சட்டி என்றால் எல்லாவற்றையும் மூன்றில் இரண்டு பங்காக்கிக்கொள்ளுங்கள்.

முட்டையை எடை போடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சமையல் குறிப்பில் ‘பெரிய முட்டை’ என்று இருந்தால் ஓடு நீக்கி ஏறத்தாழ 50 கிராம். நம் கடையில் கிடைக்கும் முட்டை சில நாள் பெரிதாக இருக்கும், சில நாள் எலுமிச்சைக்கு அண்ணன் மாதிரி இருக்கும். நாட்டுக்கோழி முட்டை அதைவிடச் சிறிது. உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி எடை பாருங்கள், குறைந்தால் நாலாவதை உடையுங்கள். தராசு இல்லாதவர்கள் சின்ன முட்டை என்றால் நாலு போட்டுவிடலாம். முட்டை கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை, மைதா கூடினால்தான் கெடுதல். மைதாவை டம்ளரால் அளக்காதீர்கள். நம் வீட்டு டம்ளர் எதுவும் இன்னொரு டம்ளருக்குச் சமமாக இருந்ததில்லை. அளவுக் கரண்டிதான் கதி என்றால், மாவைத் தளர்வாக அள்ளித் தலைதட்டி எட்டு மேசைக்கரண்டி.

பால், ஆவின் நீலப் பாக்கெட்டோ பச்சைப் பாக்கெட்டோ எதுவானாலும் சரி. காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை எடுத்துவிட்டு ஊற்றுங்கள். முட்டையும் பாலும் பிரிட்ஜில் இருந்து எடுத்ததும் நேரே போகக் கூடாது, அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். சித்திரை மாதத்து மதுரையில் பத்து நிமிடமே அதிகம். வெண்ணெயில் உப்பு இருந்தால் மாவில் உப்பைக் குறைத்துவிடுங்கள்.

வெண்ணெயோடு நெய் எதற்கு என்றால், 220 டிகிரிச் சட்டியில் தனி வெண்ணெய் சீக்கிரம் கருகும். அதில் இருக்கும் பால் சத்துதான் கருகுவது. நெய்யில் அதை எடுத்தாயிற்று, அதனால் தாங்கும். வாசனைக்கு வெண்ணெய், காவலுக்கு நெய்.

முதல் வேலை, வெறும் சட்டியை ஓடிஜிக்குள் கீழ்த்தட்டில் வைத்து, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் ஓட 220 டிகிரியில் இருபது நிமிடம் விடுவது. நடுத்தட்டில் வைத்தால் பான்கேக் எழுந்து மேல் கம்பியில் முட்டிக்கொள்ளும். எனக்கு ஒருமுறை அப்படி முட்டி, வீடு முழுக்கத் தீய்ந்த முட்டை வாடை. சில ஓடிஜியில் சூடு ஏறியதும் விளக்கு அணையும். அது காற்றின் சூட்டுக்கான கணக்கு. இரும்பு காய இன்னும் நேரம் பிடிக்கும். விளக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள்.

சட்டி காய்கிற நேரத்தில் மாவைக் கலக்கலாம். மிக்ஸி ஜாரை முகர்ந்து பார்த்துவிட்டு எடுங்கள். நேற்று இஞ்சி பூண்டு அரைத்த ஜாரில் கலக்கி, வெனிலா மணத்தோடு பூண்டும் எட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. முட்டையை மட்டும் முதலில் போட்டு நுரைக்கும்வரை இருபது விநாடி ஓட்டுங்கள். அப்புறம் பால், சர்க்கரை, உப்பு, வெனிலா. கடைசியாக மைதா, மறுபடி இருபது விநாடி. பக்கத்தில் ஒட்டிய மாவை வழித்துவிட்டு ஒரு சுற்று. மிக்ஸி இல்லாமல் செய்தால் முறை மாறும்: மைதாவில் முட்டையை ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரைக்க வேண்டும். எல்லாப் பாலையும் ஒரே மூச்சில் ஊற்றினால் மைதா கட்டி கட்டியாக மிதக்கும்.

பதம் எப்படி இருக்க வேண்டும்? ரவா தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டி, ஆப்ப மாவைவிடத் தண்ணி. கரண்டியை முக்கி எடுத்தால் முதுகில் மெல்லிய படலம் நிற்க வேண்டும், சொட்டுச் சொட்டாக இல்லாமல் ஒழுக வேண்டும். கெட்டியாகத் தெரிந்தால் ஒரு கரண்டி பால். மாவு பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா இருக்கட்டும்.

இப்போது ஊற்றுகிற நேரம். வெண்ணெய், நெய், மாவு மூன்றையும் அடுப்புக்குப் பக்கத்தில் கைக்கெட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கைக்குத் தடித்த உலர்ந்த துணி. ஈரத் துணியால் சட்டியைத் தொட்டால் அந்த ஈரமே ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும். கதவைத் திறந்து, தட்டைப் பாதி வெளியே இழுத்து, நெய்யையும் வெண்ணெயையும் சட்டியில் போடுங்கள். போட்டதும் நுரைத்துப் பொங்கும். காதைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஓரமெல்லாம் ஏறிப் பூசிக்கொள்ளும். நுரை அடங்கி, முறுகலாக ஒரு வாசனை எழும்பும் அந்த நொடியில், மாவை நடுவில் மொத்தமாக ஊற்றுங்கள். தோசைக்குத் தேய்ப்பதுபோல் தேய்க்க வேண்டாம். ‘சுர்ர்’ என்று சத்தம் வர வேண்டும், ஓரத்தில் மாவு வெளுத்துச் சுருங்க ஆரம்பிக்க வேண்டும். சத்தம் வராமல் மாவு அமைதியாகப் பரவினால் சட்டி காயவில்லை என்று பொருள். உடனே கதவைச் சாத்துங்கள். வெண்ணெய் போட்டதில் இருந்து இதுவரை ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

இனிமேல் 18 நிமிடம் கதவைத் தொடாதீர்கள்.

முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. மாவு குளம்போலக் கிடக்கும், வீணாய்ப் போச்சு என்று தோன்றும். ஏழு எட்டு நிமிடத்தில் ஓரம் சட்டியின் விளிம்பைத் தாண்டித் தலை காட்டும். பன்னிரண்டில் ஒரு பக்கம் யானைக் காது மாதிரி விரிந்து, நடுவிலும் ஒரு மேடு கிளம்பும். ஒரு பக்கம் கூடவும் மறுபக்கம் குறையவும் எழுவது இயல்பு, எந்த ஓடிஜியும் எல்லா மூலையிலும் ஒரே சூடாக இருப்பதில்லை. இந்தக் கோலத்தைக் காட்டலாம் என்று ஒருமுறை எட்டாவது நிமிடத்தில் மதினியைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தேன். அவர் குனிந்து பார்ப்பதற்குள் பொசுக்கென்று அமுங்கிவிட்டது. ஓரம் வெந்து இறுகாத நேரத்தில் உள்சூடு வெளியேறினால் ஆவி அடங்கிவிடும், தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. விளக்கைப் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினான்காம் நிமிடத்தில் மேல்புறம் கருக்கத் தொடங்கினால், கதவைத் திறக்காமல் திருகை மட்டும் கீழ்க் கம்பிக்கு மாற்றுங்கள். ஓரம் நல்ல பழுப்பாகவும் நடுப்பகுதி வெளிர் மஞ்சளாகவும் இருந்தால் தயார். கொஞ்சம் அதிக நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றால், 18 நிமிடம் ஆனதும் சூட்டை 150க்குக் குறைத்து இன்னும் நாலைந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள். தோல் உலர்ந்து இறுகும்.

எல்லாரையும் தட்டோடு உட்காரவைத்துவிட்டு அடுப்பைத் திறங்கள். வெளியே எடுத்த இரண்டு நிமிடத்தில் இறங்க ஆரம்பித்துவிடும். உங்கள் கைத் தப்பில்லை, ஆவி குளிர்ந்தால் திரும்பத் தண்ணீர்தானே. எங்கள் அப்பத்தா முதல் தடவை இதைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, காத்தச் சுட்டு வச்சிருக்க” என்றார். இரண்டு துண்டு உள்ளே போன பிறகு, “காத்துக்கு ருசி இருக்கு, இன்னொண்ணு வை” என்றார். அவர் வாயில் இதன் பெயர் இன்றுவரை ‘முட்டை ஆப்பம்’தான். ஓரம் மொறுமொறு, நடு மெத்து என்ற வகையில் பார்த்தால் அந்தப் பெயரில் பிழையும் இல்லை.

மேலே பொடித்த சர்க்கரையைத் தூவி எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவது வழக்கமான முறை. சூடான வெண்ணெயோடு அந்தப் புளிப்பு சேரும்போது நன்றாகவே இருக்கும், முட்டை வாடையும் தெரியாது. மேப்பிள் சிரப் வாங்கக் காசைக் கொட்ட வேண்டாம். 100 கிராம் கருப்பட்டியைத் தட்டி, கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்வரை கொதிக்கவைத்தால் போதும். ஆறினால் இன்னும் கெட்டியாகும், அதனால் சற்று முன்பாகவே இறக்குங்கள். சிறுமலை வாழைப்பழம் கிடைக்கிற நாளில் வட்டமாக நறுக்கி நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டி நடுக்குழியில் போட்டு, மேலே இந்தப் பாகை ஊற்றினால் என்னைப் பொறுத்தவரை வேறெதுவும் வேண்டாம்.

காரமாகவும் செய்யலாம். சர்க்கரை, வெனிலாவை விட்டுவிட்டு, மாவில் மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய கறிவேப்பிலையும் சேருங்கள். வெங்காயம், கறி போன்ற கனமான எதையும் மாவோடு போடாதீர்கள், எழ விடாமல் அமுக்கும். பான்கேக் வெளியே வந்த பிறகு, தனியாக வதக்கி வைத்த சின்ன வெங்காயத்தையோ சுருளச் சுருள வறுத்த மட்டன் சுக்காவையோ குழியில் நிரப்பிக்கொள்ளலாம். கறி தோசை பழகிய நாக்குக்கு இது உடனே பிடிபடும்.

அக்கம்பக்கத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்விகள் சில. முட்டை இல்லாமல் வருமா? வராது, எழுந்ததைத் தாங்கி நிறுத்துவதே முட்டைதான். கோதுமை மாவில்? பாதி மைதா பாதி கோதுமை வரை போகலாம், கூடுதலாக இரண்டு கரண்டி பால் விட்டு. முழுக்கக் கோதுமை என்றால் உயரம் போய்விடும். கேழ்வரகில் ஜவ்வுத்தன்மையே இல்லாததால் எழவே எழாது. குக்கரில் மணல் போட்டு கேக் செய்வதுபோலச் செய்யலாமா? செய்து பார்த்தேன். கொஞ்சம் உப்பியது, அப்புறம் மூடியில் சேர்ந்த ஆவி சொட்டி எல்லாம் ஊறிப்போனது. நடுவில் ஈரமாக இருக்கிறதே, வேகவில்லையா? பால்கோவா மாதிரி இளகலாக இருப்பது சரியான பதம். வழவழவென்று பச்சையாக ஓடினால் மட்டும் திரும்ப வைத்து மூன்று நிமிடம். ரப்பர் மாதிரி இழுபட்டால் மைதா கூடிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது ஈடு போடுவதாக இருந்தால், சட்டியைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்து எட்டு நிமிடமாவது காயவிடுங்கள். முதல் ஈடு இருந்த சூடு போதும் என்று நினைத்து உடனே ஊற்றினால், முதலாவதைச் சாப்பிட்டவர்கள் இரண்டாவதைப் பார்த்து இது வேறு பலகாரமா என்று கேட்பார்கள். மிஞ்சியதை மறுநாள் தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கச் சுட்டுக்கொள்ளலாம். உப்பாது, ஆனால் காபிக்குத் தோதாக இருக்கும்.